இடைவெளி இல்லாத தண்டவாளம்: பள்ளி வெப்பப் பாடத்தை எடைபோடுதல்

“தண்டவாளங்களுக்கு இடையே சிறு இடைவெளி விடப்படுவது ஏன்?” தமிழ்நாட்டில் பத்தாவது தாண்டிய எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை வந்துவிடும். கோடையில் இரும்பு விரிவடையும், விரிய இடமில்லாவிட்டால் தண்டவாளம் வளைந்து விபத்து நேரும், ஆகவே இடைவெளி. கைடுகளில் தடித்த எழுத்தில் இருக்கிற விடை, இரண்டு மதிப்பெண்.

இந்த விடையை எழுதிய பிள்ளையை ஊருக்கு வெளியே ஒரு லெவல் கிராசிங் அருகே நிறுத்தி, “அந்த இடைவெளியைக் காட்டு” என்று கேளுங்கள். திணறிப்போவாள். முதன்மைப் பாதைகளில் இன்று பெரும்பாலும் தண்டவாளம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே கம்பியாக ஓடுகிறது.

இதை வைத்துப் பாடநூலைக் கேலி செய்துவிட்டுப் போகலாம், அது நியாயமாகாது. எடைபோடுவதற்கு முன் எடைக்கல் எது என்று சொல்லிவிடுகிறேன். பள்ளி இயற்பியலில் ஓர் எடுத்துக்காட்டு, பிள்ளை தானே போய்ப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மேல்வகுப்பில் வரப்போகும் பெரிய கருத்துக்கு அது வழிவிடவும் வேண்டும். குறுக்கே நிற்கக் கூடாது. ஆறாம் வகுப்பு தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை திரும்பத் திரும்ப வரும் வெப்பப் பாடத்தை இந்த இரண்டையும் கொண்டு நிறுத்துப் பார்ப்போம்.

தண்டவாள இடைவெளிக்கு உரிய மரியாதையை முதலில் செய்துவிடலாம். அது கட்டுக்கதை அல்ல. இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் வழக்கில் இருந்த தண்டவாளத் துண்டின் நீளம் 13 மீட்டர். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு கூடும். மார்கழி விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் தண்டவாளத்தின் வெப்பநிலை 40 டிகிரி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 13 மீட்டர் துண்டு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இரண்டு துண்டுகளின் முனைகளை ஃபிஷ் பிளேட் வைத்து போல்ட் போட்டு இணைத்தார்கள். போல்ட் துளையைக் கொஞ்சம் பெரிதாக விட்டு முனை நகர இடம் கொடுத்தார்கள். பழைய ரயில் பயணங்களின் ‘தடக் தடக்’ அந்த இடைவெளியைச் சக்கரம் தாண்டுகிற ஓசைதான். கணக்கு எளிது. காரணம் கண்ணுக்கும் தெரிகிறது, காதிலும் விழுகிறது. ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த ஓசைக்கு ரயில்வே கொடுத்த விலை அதிகம். ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் தண்டவாள முனையை அடிக்கிறது. முனை நசுங்கும், அடியில் ஜல்லி இறங்கும், போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். பராமரிப்புச் செலவில் கணிசமான பங்கை இணைப்புகளே தின்றன. எனவே துண்டுகளை ஒட்டவைக்கத் தொடங்கினார்கள். தொழிற்கூடத்தில் மின்சாரத்தால் பற்றவைத்து 260 மீட்டர் வரை நீளமுள்ள கம்பிகளாக்குகிறார்கள். பாதையில் இறக்கியபின் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் எரிந்து உருகும் தெர்மிட் முறையில் ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். இப்படிச் சேர்ந்த கம்பி கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது.

இங்கேதான் கைடு விடை மாட்டிக்கொள்கிறது. ஒரு கிலோமீட்டர் கம்பியைத் தடையின்றிக் கிடத்தி 30 டிகிரி சூடாக்கினால் அது 36 சென்டிமீட்டர் நீள வேண்டும். பாதையில் அதற்கு இடமில்லை. விடையில் எழுதியபடி அது வளைந்திருக்க வேண்டும், வளையவில்லை. நீளவும் இல்லை.

நடப்பது இதுதான். கான்கிரீட் ஸ்லீப்பர்களில் மாட்டிய எஃகு கிளிப்புகள் தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஸ்லீப்பர்களை ஜல்லி பிடித்திருக்கிறது. நீளப் பார்க்கும் கம்பியை இந்தப் பிடி நீளவிடுவதில்லை. நீள முடியாத கம்பிக்குள் அமுக்கம் சேர்கிறது. எஃகின் விரிவுக் குணகம், யங் குணகம், தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு, வெப்பநிலை மாற்றம் என்ற நான்கையும் பெருக்கினால் அந்த விசை கிடைத்துவிடும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 டிகிரிக்கு ஏறக்குறைய 55 டன் எடைக்குச் சமமான விசை. இந்தப் பெருக்கலில் நீளம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 13 மீட்டரானாலும் 13 கிலோமீட்டரானாலும் அதே 55 டன். கம்பி நீள நீள ஆபத்தும் கூடும் என்றுதான் இடைவெளி விடையை நம்பியவர் எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பு தவறு. எஃகை அறுக்கத் தேவையான தகைவில், அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையில், இந்த 55 டன் தருவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பியின் இரு கோடிகளிலும் ஏறத்தாழ நூறு மீட்டர் அளவுக்குத்தான் அசைவு. அதற்கென்று அங்கே சரிந்து விலகும் தனி இணைப்பை வைத்திருக்கிறார்கள்.

பாதை வேலைக்காரர்கள் ‘டீஸ்ட்ரெஸ்ஸிங்’ என்று ஒரு வேலையைச் சொல்வார்கள். பகுதிக்கேற்ப ஒரு நடுவாந்தர வெப்பநிலையைத் தேர்ந்து, கிளிப்புகளைக் கழற்றி, தண்டவாளத்தை உருளைகள்மேல் ஏற்றித் தளரவிட்டு, உள்ளே தேங்கிய விசையெல்லாம் தீர்ந்தபின் மறுபடி கிளிப் அடிப்பார்கள். அந்த வெப்பநிலையில் கம்பிக்குள் அமுக்கமும் இல்லை, இழுவையும் இல்லை. அதற்குமேல் போனால் அமுக்கம். கீழே வந்தால் இழுவை. குளிர்கால விடியலில் ‘தண்டவாளத்தில் விரிசல், கீமேன் கண்டதால் விபத்து தவிர்ப்பு’ என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் அந்த இழுவை இருக்கிறது. கத்திரி வெயிலில் பாதையைக் கண்காணிக்கக் கூடுதல் ஆள் நடப்பதும், வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஜல்லியைக் கிளறும் வேலைகளை நிறுத்துவதும் அமுக்கத்துக்கு அஞ்சித்தான். ஜல்லியின் பிடி தளர்ந்த இடத்தில் பாதை பக்கவாட்டில் பிதுங்கிவிடும். நம்மைக் காப்பது அங்கே இடைவெளி அல்ல, பிடி.

பாடநூல் தரப்பில் சொல்ல இரண்டு வாதங்கள் உண்டு. யார்டுகளிலும் கிளைப்பாதைகளிலும் ஃபிஷ் பிளேட் இணைப்புகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே எடுத்துக்காட்டு முழுப்பொய் அல்ல என்பது ஒன்று. சரிதான், ஆனால் கேள்வி ‘யார்டில்’ என்று சொல்வதில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு யங் குணகம் புரியாது, எளிமைப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பது மற்றது. இது வலுவான வாதம். எளிமைப்படுத்தாமல் பள்ளிப்பாடமே கிடையாது. பூமி உருண்டை என்று ஆறாம் வகுப்பில் சொல்லிவிட்டு, துருவங்களில் சற்றே தட்டை என்று பிறகு சேர்க்கலாம்; முதலில் சொன்னது அப்படியே நிற்கும், திருத்தம் மட்டும் கூடும். தண்டவாள விடையோ பின்னால் தலைகீழாகிறது. இடைவெளிதான் பாதுகாப்பு என்று ஐந்து ஆண்டுகள் எழுதவைத்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் தகைவும் திரிபும் நடத்தும்போது அதைத் திருத்துவாரும் இல்லை. மாணவர் மனத்தில் இரண்டும் இரண்டு அறைகளில் கிடக்கின்றன. பதினோரு வயதுக்குப் புரியாத செய்தியும் அல்ல இது. சூடேறும் பொருள் விரியப் பார்க்கும். விரியவிடாமல் பிடித்தால் பிடித்ததைத் தள்ளும். இதற்கு எந்தக் குணகமும் வேண்டாம்.

இந்தப் பின்பாதியைத்தான் நம் வெப்பப் பாடம் ஏறக்குறைய முழுதாகத் தவறவிடுகிறது. வெந்நீர் ஊற்றிய தடித்த கண்ணாடி டம்ளர் விரிசல் விடுவதைப் பாருங்கள். ‘உட்புறம் விரிகிறது, வெளிப்புறம் விரிவதில்லை, ஆகவே உடைகிறது’ என்று நூல் சொல்கிறது. சரியான விடைதான். ஆனால் விரியாத வெளிப்புறம் விரியும் உட்புறத்தைப் பிடித்து வைக்கிறது, அந்த இழுபறியில் இழுபடுவது வெளிப்புறம், கண்ணாடி இழுவை தாங்காது என்ற சங்கிலி அதில் இல்லை. சங்கிலி இருந்தால் மெல்லிய டம்ளர் ஏன் தப்பிக்கிறது, போரோசிலிகேட் கண்ணாடி ஏன் அடுப்பில் தாங்குகிறது என்பதெல்லாம் தானாக வரும். போரோசிலிகேட் சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே விரிகிறது.

மின்கம்பிகள் கோடையில் தொய்வது, இஸ்திரிப் பெட்டியின் ஈருலோகப் பட்டை இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள். அவற்றில் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை.

வெப்பப் பாடத்தின் மாணிக்கம் என்று நான் வைப்பது மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றும் எடுத்துக்காட்டை. பட்டாவைச் சக்கரத்தைவிட வேண்டுமென்றே சின்னதாக அடிப்பார்கள். வரட்டி அடுக்கித் தீமூட்டி அதைச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தின் மேல் போட்டு, மரம் புகைந்து கருகத் தொடங்குவதற்குள் தட்டி இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். 1.4 மீட்டர் விட்டமுள்ள பட்டா 500 டிகிரி சூடேறினால் விட்டம் 8 மில்லிமீட்டருக்கு மேல் கூடும். குளிரும்போது அந்த 8 மில்லிமீட்டரை அது திரும்பக் கேட்கிறது, சக்கரம் கொடுப்பதில்லை. அந்த இழுவையில் ஆரக்கால்களும் வட்டையும் குடத்தோடு நெரிந்து இறுகுகின்றன. ஆணியால் கிடைக்காத பிடி.

சூடாக்கினால் வளையத்தின் நடுத்துளை பெரிதாகுமா சின்னதாகுமா என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. இரும்பு எல்லாப் பக்கமும் விரிவதால் துளை சுருங்கும் என்றுதான் பெரும்பாலான மாணவர் முதலில் சொல்வார்கள். சுருங்கினால் பட்டா சக்கரத்தில் ஏறுவது எப்படி? தண்டவாளம் விட்டுவிட்ட பாதியான பிடியும் விசையும் இங்கே முழுமையாக இருக்கின்றன.

ஆனால் என் முதல் எடைக்கல்லில் இது தோற்கிறது. மாட்டுவண்டிகளில் ரப்பர் டயர் வந்து வெகுகாலமாகிறது. பட்டா ஏற்றுவதை இன்றைய பிள்ளை எங்கே போய்ப் பார்ப்பாள்? ஆகவே துணைக்கு லேத் பட்டறையைச் சேர்க்க வேண்டும். அங்கே தண்டின்மேல் பேரிங் ஏற்றும்போது பேரிங்கைச் சூடாக்கித்தான் நுழைக்கிறார்கள். 50 மில்லிமீட்டர் துளை 80 டிகிரி ஏற்றத்தில் 0.05 மில்லிமீட்டர் அகலும், அவ்வளவே போதும். தண்டவாள இடைவெளியின் இடத்துக்கும் ஆள் தயார்: மேம்பாலம். வண்டியில் போகும்போது இரண்டு கான்கிரீட் தளங்கள் சேரும் இடத்தில் குலுக்கல் தெரியும். அங்கே ரப்பரோ எஃகுப் பட்டையோ பதித்த விரிவிணைப்பு இருக்கிறது. 40 மீட்டர் தளம் 20 டிகிரி ஏற்றத்தில் 8 மில்லிமீட்டர் போல நீளும். உண்மையான இடைவெளி, இறங்கி நின்று கண்ணால் பார்க்கலாம். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால்தான் அவை ஒன்றையொன்று கிழிக்காமல் சேர்ந்து வாழ்கின்றன என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

இனி வெப்பநிலை அளவுகோல்கள். இங்கே பாடத்தின் பெரும்பகுதியை ஒரே சூத்திரம் விழுங்கிவிடுகிறது: செல்சியஸை ஐந்தால் வகுத்தது, ஃபாரன்ஹீட்டில் 32 கழித்து ஒன்பதால் வகுத்ததற்குச் சமம். கணக்குகள், கணக்குகள், மேலும் கணக்குகள். இவற்றைப் போடும் பிள்ளை வெப்பநிலையைப் பற்றி எதுவும் கற்பதில்லை. ஒருபடிச் சமன்பாட்டில் பயிற்சி பெறுகிறாள். தேவையற்ற திறமை என்று சொல்லமாட்டேன். காய்ச்சலை ஃபாரன்ஹீட்டிலும் ஏசியைச் செல்சியஸிலும் சொல்கிற சமூகம் நம்முடையது. ‘வெயில் சதமடித்தது’ என்று தமிழ் நாளிதழ்கள் தலைப்பிடும் நூறு ஃபாரன்ஹீட் நூறு, செல்சியஸில் 37.8தான். அந்த எண்ணில் இயற்கை எதையும் செய்வதில்லை, தலைப்புக்கு மட்டும் அழகு.

ஆனால் சூத்திரம் சொல்லித்தராத ஒன்று சூத்திரத்தைவிட முக்கியம். 1.5 டிகிரி செல்சியஸ் புவி வெப்ப உயர்வை ஃபாரன்ஹீட்டில் சொல் என்றால், சூத்திரத்தில் போட்டவர் 34.7 என்பார். சரியான விடை 2.7. வெப்பநிலை வேறு, வெப்பநிலை மாற்றம் வேறு. மாற்றத்துக்கு 32 கிடையாது. இந்த ஒரு கணக்கு, மற்ற இருபது கணக்குகளுக்கு ஈடு.

அளவுகோல்களின் வரலாற்றை நம் நூல்கள் பெயர்களாகவும் ஆண்டுகளாகவும் முடித்துவிடுகின்றன. ஃபாரன்ஹீட் 1724இல் பனிக்கட்டி, நீர், நவச்சாரக் கலவையைச் சுழியமாக வைத்ததும், செல்சியஸ் 1742இல் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்று தலைகீழாகக் குறித்ததும், அவர் இறந்தபின் அது திருப்பப்பட்டதும் சுவையான செய்திகள். அளவுகோலை மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது அவற்றால் விளங்கும். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதைச் செல்சியஸே சோதித்துக் கண்டிருந்தார். ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ‘நீரின் கொதிநிலை 100’ என்று மட்டும் எழுதவைத்தால் ஊட்டிப் பிள்ளைக்குச் சொந்த அடுப்பே சாட்சி சொல்லாது.

பாடத்தின் மிகப் பலவீனமான வரி என் பார்வையில் வேறு. வெப்பநிலைமானியில் பாதரசத்தை ஏன் பயன்படுத்துகிறோம்? அது பளபளப்பானது, கண்ணாடியில் ஒட்டாது, −39 முதல் 357 டிகிரி வரை திரவமாக இருக்கும், ‘சீராக விரிவடையும்’. கடைசிக் காரணத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் பாதரசம் ஒரே அளவு விரிகிறது என்று எப்படித் தெரியும்? டிகிரியை அளக்கப் பாதரசத்தைத்தானே வைத்திருக்கிறோம்? தன் முழத்தால் தன் கையை அளந்து, ‘சரியாக ஒரு முழம்’ என்று சொல்வது போன்றது இது.

பாதரசத்துக்குப் பதில் நீரை ஊற்றிப் பார்த்தால் சிக்கல் வெளிச்சமாகும். கண்ணாடிக் குடுவையில் நீரை நிரப்பி மெல்லிய குழாய் செருகி, உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 என்றும், கொதிநீர் ஆவியில் வைத்து 100 என்றும் குறித்து, இடையை நூறு சம பாகமாகப் பிரித்துவிடுங்கள். முறைப்படி செய்த வெப்பநிலைமானிதான். இதையும் பாதரச மானியையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால், பாதரசம் 50 காட்டும்போது நீர் சுமார் 26 காட்டும். பனிக்கட்டியிலிருந்து எடுத்துச் சற்றே சூடாக்கினால் நீர்மட்டம் ஏறாமல் இறங்கும். நீர் 4 டிகிரி வரை சுருங்குவதால் மானி சுழியத்துக்குக் கீழே போகும். இரண்டில் எதை நம்புவது? பாதரசத்தை நம்பு என்று சொல்வது விடையாகாது.

இந்தக் கேள்வி அறிவியலாளர்களை நூறு ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது. 1840களில் பிரான்சில் ரெக்னோ பொறுமையாக மானிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். கண்ணாடி வகை மாறினால் பாதரச மானிகளே தமக்குள் முரண்பட்டன; வாயு மானிகள் ஒத்துப்போயின. 1848இல் கெல்வின் எந்தப் பொருளையும் சாராத அளவுகோலுக்கு வழி சொன்னார். 2019 மே 20 முதல் கெல்வின் அலகு நீரையும் விட்டு, போல்ட்ஸ்மேன் மாறிலியின் நிலைத்த மதிப்பின்மேல் நிற்கிறது. எந்த மானியை நம்புவது என்ற இந்தக் கேள்வியின் வரலாற்றைப் பற்றி அறிவியல் வரலாற்றாளர் ஹாசோக் சாங் 2004இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இவ்வளவையும் ஏழாம் வகுப்பில் நடத்தச் சொல்லவில்லை. ‘சீராக விரிவடையும்’ என்ற இரண்டு சொற்களால் இந்தக் கதவை அடைத்துவிட வேண்டாம் என்கிறேன். இன்னொன்று: பாதரசத்தின் குணநலன்களை அடுக்கும் பக்கத்தில் அது நஞ்சு என்பதும் அழுத்தமாக இருக்க வேண்டும். கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே வந்தது அம்பலமாகி 2001இல் மூடப்பட்டது.

பாடத்தின் பலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். வெந்நீர், குளிர்நீர், வெதுவெதுப்பான நீர் என மூன்று கிண்ணங்களில் கை நனைத்துத் தொடுஉணர்வை நம்ப முடியாது என்று காட்டும் சோதனை அருமையானது. வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்பதை நூல் விடாமல் சொல்கிறது. அதற்குக் கம்பி மத்தாப்பைச் சேர்த்தால் இன்னும் நன்றாகப் பதியும்: ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட பொறி கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி, நூறு டிகிரி வெந்நீர் கொட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

என் தீர்ப்பு இது. வரையறைகளும் கணக்கு முறையும் தேறுகின்றன. விரிவு பற்றிய பகுதி பாதிதான் தேறுகிறது; பொருள் விரியும் என்பதைச் சொல்லி, தடுத்தால் தள்ளும் என்பதை விட்டதால். தண்டவாளத்தைப் பாடத்திலிருந்து நீக்கச் சொல்லமாட்டேன். கீழ்வகுப்பில் அதன் இடத்தை மேம்பாலத்துக்குக் கொடுத்துவிட்டு, யங் குணகம் வரும் பதினொன்றாம் வகுப்புக்கு அதை ஏற்றிவிடலாம். ‘இடைவெளி இல்லாத தண்டவாளம் ஏன் வளைவதில்லை?’ என்ற கேள்வியாக. வெப்பநிலைமானிப் பகுதி தேறவில்லை. செல்சியஸ்–ஃபாரன்ஹீட் மாற்றச் சூத்திரக் கணக்குகளைக் கணிதப் பாடத்துக்கு அனுப்பிவிட்டால் இரண்டு மூன்று பாடவேளைகள் மிஞ்சும். நீர் மானி செய்ய ஆய்வகக் குடுவை ஒன்று, ஒற்றைத் துளை ரப்பர் அடைப்பான், மெல்லிய கண்ணாடிக் குழாய், பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ், ஒப்பிட ஓர் ஆல்கஹால் மானி. ஆல்கஹாலும் பாதரசத்தோடு முழுதாக ஒத்துப்போவதில்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுவிட்டால், அன்றைய பாடவேளை போதாது. மறுநாளுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டியிருக்கும்.